பதினாறு நூல்களும் ஒரு பரீட்சையும்

சென்ற கிழமை வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் நீண்ட கடிதமொன்று வரைந்திருந்தார். அவருடைய மகள் இங்கிலாந்தில் மயக்க மருந்துத் துறையிற் பயிற்சி பெற்றுவரும் வைத்தியர். அந்நாட்டு மயக்க மருந்து வைத்தியர்களின் றோயல் கல்லூரி நடத்தும் முதனிலைப் பரீட்சைக்கு ஒருமுறை தோற்றிச் சில புள்ளிகளாற் சித்தி தவறிவிட்டார். "படிக்க வேண்டியவை என்று 16 நூல்களின் பட்டியலைப் பிள்ளை அனுப்பியிருக்கிறாள். விலையைக் கூட்டிப் பார்த்தேன். தாயின் காப்புச் சோடியை ஈடு வைத்தால் சமாளிக்கலாம். வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்பது அவர் வினா.

காப்புச் சோடி பெட்டகத்திலேயே இருக்கட்டும், ஐயா.

இளமையில் இத்தகைய பரீட்சையொன்றில் நானும் தவறியவன்தான். அப்போது என் மேசையில் 11 நூல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் மூன்று அத்தியாயங்கள் விரற்கறை படிந்து கிடந்தன. எஞ்சியவை அச்சகத்திலிருந்து வந்தபடியே புத்தம் புதியனவாயிருந்தன. ஒரு நூலிற் கடினமான பகுதி வந்ததும் இன்னொன்றில் இலகுவாக இருக்குமென்று தாவினேன். அதனைப் படிப்பென்றே எண்ணியிருந்தேன்.

நூலைத் தெரிவதற்கு முன்னர் தெரிய வேண்டியது பாடத்திட்டம். அதனைக் கல்லூரியே வெளியிடுகிறது, காசு கேட்பதில்லை. முதனிலைப் பரீட்சையின் அடித்தளம் மூன்று: உடற்றொழிலியல், மருந்தியல், பௌதிகமும் அளவீடும். இவற்றோடு கருவிகள், நோயாளரைக் கையாளும் முறை ஆகியனவும் உண்டு. பலர் இடறுவது பௌதிகத்தில். பாடசாலையோடு அதனை மறந்துவிட்டுப் பின்னர் அழுத்தமானிகளையும் ஆவியாக்கிகளையும் கண்டு திகைப்பர்.

பட்டியலிலுள்ள நூல்களுள் எது தக்கதென்று அறிய நான் ஒரு வழி சொல்வதுண்டு. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நூலிலும் அதற்கு விடை தேடுவதே அது. உதாரணமாக: மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளியின் முகத்தில் முகமூடியை வைத்துச் சில நிமிடங்கள் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்வது ஏன்?

சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட பின்னரும் வளர்ந்தவரொருவரின் சுவாசப்பைகளில் ஏறக்குறைய 2500 மில்லிலீற்றர் வாயு எஞ்சியிருக்கும். வெளிக்காற்றைச் சுவாசிப்பவராயின் அதிற் பெரும்பகுதி நைதரசன். ஒட்சிசன் ஏறத்தாழ 350 மில்லிலீற்றரே. உடலோ நிமிடத்திற்கு 250 மில்லிலீற்றர் வரை செலவிடுகிறது. மூச்சு நின்றால் ஒன்றரை நிமிடத்துள் கையிருப்புத் தீர்ந்துவிடும். மூன்று நிமிடம் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் நைதரசன் வெளியேறி, கையிருப்பு 2000 மில்லிலீற்றரைத் தாண்டும். கணக்கின்படி எட்டு நிமிடம் கிடைக்கும். கருவுற்ற தாய்மாருக்கும் உடல் பருத்தவருக்கும் இது மிகக் குறையும். குழாயைத் தொண்டையுட் செலுத்த இயலாது தடுமாறும் வைத்தியருக்கு அந்த நிமிடங்களின் பெறுமதி சொல்லி முடியாது.

இந்தக் கணக்கை ஒரு நூல் இரண்டு பக்கங்களிற் படத்தோடு விளக்கும்; இன்னொன்று "மூன்று நிமிடம் கொடுக்கவும்" என்று ஒற்றை வரியிற் கட்டளையிடும்; மூன்றாவது நூறு ஆய்வுகளை அடுக்கும். அமெரிக்கரான மில்லரின் பெருந்தொகுதிகள் இம்மூன்றாவது இனம். அவை நூலகத்தில் வைத்து ஐயந்தீர்க்க உகந்தவை; முதனிலை மாணவர் அவற்றைத் தலைமாட்டில் வைத்தால் நித்திரைதான் வரும். ஜோன் வெஸ்ற் 1974இல் எழுதிய சுவாச உடற்றொழிலியல் நூலோ கைக்கடக்கமானது. அதைப் பரீட்சைக்கு முன் இருமுறை முழுமையாக வாசித்துவிடலாம். மருந்தியலுக்குப் பெக், ஹில் ஆகியோரின் நூலும், பௌதிகத்துக்குப் பார்புரூக், டேவிஸ் முதலியோர் வழிவந்த நூலும் இவ்வாறே அளவானவை. உங்கள் மகள் இவற்றையும் முதலில் ஆஸ்பத்திரி நூலகத்தில் இரவல் பெற்று, மேற்சொன்ன கேள்வியைப் போல அந்தந்தப் பாடத்தில் ஒன்றால் உரைத்துப் பார்க்கட்டும். தன் மனத்துக்கு ஒவ்வாத நடை எவ்வளவு புகழ்பெற்றதாயினும் பயன் தராது.

மைத்துனர் விட்டுச்சென்ற பழைய நூல்களை அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாயு விதிகளும் இருதயத்தின் இயக்கமும் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. அப்பகுதிகளைப் பழைய பதிப்பிலும் வாசிக்கலாம். ஆனால் சுவாசவழி அடைபட்டால் செய்ய வேண்டியவை, நின்ற இருதயத்தை இயக்கும் முறை ஆகியவற்றைப் பழைய நூலிற் படிப்பது ஆபத்து. குழாய் செலுத்துவது கடினமாகும்போது பின்பற்ற வேண்டிய ஒழுங்கை அந்நாட்டுச் சங்கமொன்று 2004இல் வகுத்து 2015இல் திருத்தியது. அதன் பின்னரும் திருத்தங்கள் வராமற் போகா. இவற்றுக்கு இன்றைய வெளியீடே வேண்டும். கல்லூரியின் இணையவழிப் பாடங்கள் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் பணிபுரிவோர்க்கு இலவசம்.

வினாக் கொத்துகள் குறித்து ஒரு சொல். ஆயிரம் வினாக்களின் விடைகளை மனனம் செய்தவரைப் பரீட்சகர் "ஏன்?" என்ற ஒரே கேள்வியால் வீழ்த்திவிடுவார். அத்தியாயத்தைப் படித்த அன்றே அதற்குரிய வினாக்களைச் செய்து, பிழைத்தது ஏனென்று ஒரு கொப்பியில் எழுதிவந்தால் அக்கொப்பியே பதினேழாவது நூலாகும், கடையிற் கிடையாதது.

எழுத்துப் பரீட்சையைத் தாண்டினால் வாய்மொழிப் பரீட்சை உண்டு. அங்கே அறிந்ததைச் சொல்லத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் தொலைபேசியில் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த அழைப்பிற் சாப்பாட்டு விசாரணை முடிந்ததும் தாயார் கேட்கட்டும்: "மயக்குறதுக்கு முன்னம் முகத்திலை அதை ஏன் பிள்ளை வைக்கிறனீங்கள்?" விடை வரும்போது விளங்காத இடத்தில் வெட்கப்படாமல் நிறுத்தி, "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லு" என்று சொல்லட்டும். இரண்டாம் முறையும் விளங்காவிட்டால், அன்றிரவு மகள் நூலைத் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.

பட்டியலில் எஞ்சும் 13 நூல்களின் விலையைத் தனியே எடுத்து வையுங்கள். பரீட்சை முடிந்தபின் பிள்ளை ஊருக்கு வந்துபோகும் செலவுக்கு அது உதவும்.