நுண்ணலை அடுப்பு சமையலறையில்தான் இருக்க வேண்டுமா?

சென்ற மாதம் எங்கள் வீட்டு நுண்ணலை அடுப்பை இடம் மாற்றினோம். சிறிய செயல்தான், ஆயினும் அதைப் பற்றிய விவாதம் இரண்டு வாரங்கள் நீண்டது. அதன் முடிவில் நான் வந்தடைந்த கருத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

நாங்கள் வசிப்பது லக்ஷ்மிபாய் நகரில், அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில். அவர் பணி ஓய்வு பெறும்வரைதான் வீடு எங்களுடையது என்பதால் சுவரை உடைத்துப் புதிய மின்கம்பி இழுக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அடுப்பு வந்தபோது, மேடையில் வைத்தால் மிக்சிக்கும் சப்பாத்திப் பலகைக்கும் இடமிராது என்று சொல்லி, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தூக்கி வைத்தவன் நானே. 800 வாட் திறன் கொண்ட அடுப்பு ஏறத்தாழ 1,200 வாட் மின்சாரத்தை இழுக்கும். மிக்சி பயன்படுத்தும் 6 ஆம்பியர் பிளக்கில் அதையும் சேர்த்து ஏற்றுவது முறையன்று. சமையலறையின் ஒரே 16 ஆம்பியர் பிளக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேதான் இருந்தது. ஆகவே என் முடிவு எனக்கு அறிவியல்பூர்வமானதாகவே தோன்றியது. உயரத்தை மட்டும் என் தோளைக் கொண்டு அளந்துவிட்டேன்.

அம்மாவின் உயரம் நான்கடி பத்தங்குலம். அடுப்பின் உள்தட்டு அவருடைய முகவாய்க்கு நேராக இருந்தது. தில்லிக் குளிரில் இட்லி மாவு புளிக்காது என்பதால், அணைத்து வைத்த அந்த அடுப்புக்குள்ளேயே இரவில் மாவுப் பாத்திரத்தை வைப்பது எங்கள் வழக்கம். நிறைந்த பாத்திரத்தை அம்மா ஒவ்வோர் இரவும் தலையளவு தூக்கிக்கொண்டிருந்தார். மார்கழியில் ஒருநாள் பால் கோப்பையை இறக்கும்போது, கொதித்த பால் மணிக்கட்டில் வழிந்தது. கொப்புளம் ஆறப் பத்து நாட்களாயின. “முக்காலி போட்டுக்கறேன்டா, இதுக்குப் போய் என்ன பேச்சு?” என்றார். தமிழ்ப் புதினங்களில் வீட்டுவெளியைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சொல் உறைத்தது.

புதிய இடம் தேடினோம். அப்பா அக்னி மூலையைச் சொன்னார். அங்கே எரிவாயு அடுப்பு இருக்கிறது. அதன் வெப்பமும் எண்ணெய்ப் புகையும் இக்கருவியின் காற்றுத் துளைகளுக்கு ஆகாதவை. மேலும், இதற்குள் அக்னியே இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைக்கின்றன. வெப்பம் உணவுக்குள்ளேயே பிறக்கிறது.

பிறகு, ஒரு வாரம் இந்த அடுப்பில் என்னவெல்லாம் செய்தோம் என்று குறித்து வைத்தேன். காப்பியைச் சூடாக்கினோம், குழம்பைச் சூடாக்கினோம், அப்பளம் சுட்டோம். அப்பா தாமதமாக வரும் நாட்களில் அவருடைய இரவு உணவைச் சூடாக்கினோம். சமையல் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ‘அடு’ என்னும் வேருக்குச் சமைத்தல் என்று பொருள். அடுப்பு, அடுக்களை, அடிசில் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. நாம் அடுப்பு என்று பெயரிட்ட காரணத்தாலேயே இக்கருவியை அடுக்களைக்குள் அடைத்தோம். அதனால் ஆறிய உணவைச் சூடாக்கித் தருவதும் அடுக்களையில் நிற்பவரின் கடமையாயிற்று.

1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை இங்கே நினைவுக்கு வருகிறது. 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அறையில், பெண்ணின் நடையும் குனிதலும் குறையும்படி ஒவ்வொரு பொருளுக்கும் இடம் வகுக்கப்பட்டது. அந்த அக்கறை பெரிது. ஆனால் அறை ஒருவருக்கே போதுமானதாக இருந்தது. வேலை எளிதாயிற்று, அது பகிரப்படவில்லை என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஆளுயரமும் ஏறத்தாழ 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. அதை வைத்த இடத்திலேதான் வைத்திருக்க முடியும். இன்றைய அடுப்பை ஒருவரே தூக்கிவிடலாம். அதை ஓர் அறைக்குள் கட்டிப்போட வேண்டிய தேவை இல்லை.

ஆகவே கூடத்தில், உணவு மேசையை ஒட்டியிருந்த 16 ஆம்பியர் பிளக்கின் அருகே, இரண்டரை அடி உயர மேசையில் வைத்தோம். பின்புறமும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி. கதவருகே சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கச் சிறிது இடம். விருந்தினர் கண்ணில் படுகிறது என்று அத்தை குறைப்பட்டுக்கொண்டார். படட்டும்.

முன்பு அப்பா இரவு ஒன்பதரைக்கு வந்தால் அம்மா எழுந்து போவார். இப்போது அப்பா தட்டைத் தாமே உள்ளே வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறார். முதல் வாரம் எவர்சில்வர் கிண்ணத்தை வைக்கப் போய் அம்மாவிடம் திட்டும் வாங்கினார்.

சமைக்கும் கருவிகள் சமைப்பவரின் கைக்கு எட்ட வேண்டும். சூடாக்கும் கருவி உண்பவர்கள் அனைவரின் கைக்கும் எட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே நுண்ணலை அடுப்புக்கு இடம் தேடுவோர், அதைச் சூடாக்க மட்டுமே பயன்படுத்துவதாயின், முதலில் சமையலறைக்கு வெளியே பாருங்கள். உயரத்தை வீட்டிலேயே குள்ளமானவரின் தோளுக்குக் கீழே குறியுங்கள். பிளக் எங்கே இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.