ஸ்டூல் மேல் நின்றவர்

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. இதயக் கோளாறால் நீலம் பாய்ந்த குழந்தைக்கு டாக்டர் பிளேலாக் ஆபரேஷன் செய்கிறார். பின்னால் ஸ்டூல் மேல் நின்று வழி சொன்னவர் ஒரு லேப் டெக்னீஷியன். பெயர் விவியன் தாமஸ். கறுப்பர். நாய்களுக்கு அந்த ஆபரேஷனைச் செய்து கைகண்டவர். முன்பு வேலை பார்த்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் சம்பளக் கணக்கில் அவர் துப்புரவுத் தொழிலாளி!

ஆபரேஷனுக்கு யார் பேர் வெச்சாங்க? பிளேலாக், டௌசிக். இரண்டு டாக்டர்கள். தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-ல்.

நிறவெறி ஒரு காரணம். ‘பட்டம் இல்லாதவன் வெறும் எடுபிடி’ என்கிற திமிர் இன்னொன்று. அந்தத் திமிர் நம்ம ஊர் பல்கலைக்கழகங்களிலும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

நான் பி.காம். படிச்சவன். எனக்குத் தெரிந்த கணக்கு இது. கோடி ரூபாய் மைக்ராஸ்கோப், சொத்து. அதை ஓட்டத் தெரிந்தவர், தற்காலிகச் செலவு. புராஜெக்ட் முடிந்தால் அவரும் வீட்டுக்கு. அப்புறம் மிஷின் மக்கர் பண்ணினால் தொட ஆள் கிடையாது. இது எந்த ஊர் சிக்கனம்?

கருவிக்குத் தேய்மானம் எழுதும் கனவான்களே, அவருக்கு நிரந்தர வேலை கொடுங்கள். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுங்கள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து வரும் பட்டம் யாருக்கு வேணும்?