காதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்

புதுப்பாட்டு வெளியான மறுநாளே ஒரு வீடியோ சுற்றத் தொடங்கிவிடுகிறது. பழைய பாட்டு பத்து நொடி, புதுசு பத்து நொடி, மேலே 'காப்பி' என்று சிவப்பு எழுத்து. விருதுநகர் பொருட்காட்சித் திடலிலும் சிவகாசி டீக்கடையிலும் அதோடு விசாரணை முடிந்தது. ஒரே மாதிரிக் கேட்டால் திருட்டுதான், வேறென்ன சாட்சி வேண்டும் என்கிறார்கள். இந்த நினைப்பு அடியோடு தவறு. இதனால் அதிகம் அடிபடப்போவது நம் கரிசல் பக்கத்துக் கலைஞர்கள்தான்.

ஸ்ட்ரான்ஷியம் உப்பைக் கலந்தால் எந்த ஆலையின் மத்தாப்பும் சிவப்பாகத்தான் எரியும். அதற்காகப் பக்கத்து ஆலைக்காரரைத் திருடன் என்று சிவகாசியில் யாரும் சொல்வதில்லை. அவருடைய லேபிள் படத்தை அப்படியே அச்சடித்தால்தான் வழக்கு. ராகமும் தாளமும் அந்தச் சிவப்பைப் போன்றவை, யாருக்கும் தனிச்சொத்தாகாது. கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'பொன்னியின் செல்வன் 2' பட வழக்கைப் பாருங்கள். 'வீரா ராஜ வீரா' பாட்டு, பாடகர்களான ஜூனியர் டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர்கள் குடும்பத்து உஸ்தாத் வாசிஃபுத்தீன் டாகர் வழக்குப் போட்டார். இரண்டும் அடாணா ராகம். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, சாதாரண ரசிகர் காதுக்கு இரண்டும் ஒன்றே என்று சொல்லி, 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த இடைக்கால உத்தரவை ரத்து செய்தது. ஒரு பாட்டை மேடையில் பாடியதாலேயே அதை இயற்றியவர் ஆகிவிட முடியாது என்றது. பாட்டுகள் ஒத்திருக்கின்றனவா என்ற கேள்விக்குள் அந்த அமர்வு போகவே இல்லை!

ஆக, இயற்றியது யார் என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பாட்டு எதிராளியின் காதுக்கு எட்டியிருக்குமா என்பது அடுத்தது. எடுத்ததாகச் சொல்லும் பகுதி இயற்றியவரின் சொந்தக் கற்பனையா, எல்லோருக்கும் பொதுவானதா என்பதையும் காட்டியாக வேண்டும். 2023இல் நியூயார்க்கில் பாடகர் எட் ஷீரன் கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, வழக்குக்குள்ளான கார்டு வரிசை எத்தனையோ பாட்டுகளில் இருப்பதை வாசித்துக் காட்டினார், ஜெயித்தார்.

'சில நொடிதானே, தப்பில்லை' என்பதும் சட்டத்தில் இல்லாத சலுகை. 2008இல் இசையமைப்பாளர் ராம் சம்பத்தின் சின்ன விளம்பர இசை, அதை எடுத்தாண்ட 'கிரேஸி 4' படத்துக்கே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கித் தந்தது. எடுத்த துண்டு பாட்டின் உயிராக இருந்தால் அதன் நீளம் காப்பாற்றாது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைக் கேட்டு வளர்ந்த மண் இது. சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாத தாஸ் காலத்து நாடகப் பாட்டுப் புத்தகங்களில், இன்ன பாட்டின் மெட்டு என்று தலைப்பிலேயே அச்சிடுவார்கள். இரவல் வாங்கியதை ஒளிக்காத நேர்மை அது. இன்றைய வீடியோ நீதிபதிகளிடம் கொடுத்தால் அப்படி மெட்டு இரவல் வாங்கிய அத்தனை பேரும் திருடர்கள்தான். மறுபக்கம், கோயில் கொடையில் தானே கட்டிய மெட்டைப் பாடுகிறவரின் பாட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டால், 'அது பழைய நாட்டுப்புற மெட்டு' என்ற ஒரே பதிலில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடியோவுக்கு லட்சம் பேர் கைதட்டினாலும் அவர் வழக்கு நகராது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, மெட்டுக் கட்டியதுமே உரிமை வந்துவிடும். ஆனால் அது தன் மெட்டுதான் என்று காட்ட அவருக்குத் தேவை, தேதி தெரியும் ஒரு ஒலிப்பதிவு, சுரம் எழுதிய ஒரு நோட்டு, கட்டும்போது கூட இருந்த தவில்காரரின் சாட்சி.