வருகிறவர்களுக்கு மட்டுந்தானா?



பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பது நல்ல ஊழியம். அதைச் செய்கிற வாலிபர் அடிக்கடி சந்திக்கும் தடை ஒன்று உண்டு. மற்றவையெல்லாம் இயங்கும், வைஃபை மட்டும் இயங்காது. உள்ளே இருக்கும் அட்டை கெட்டுவிட்டதென்று எண்ணிச் சிலர் புதியதை வாங்கிவிடுகிறார்கள். பல வேளைகளில் அட்டையில் பழுதே இராது.

இத்தகைய அட்டைகளில் பல, தம்மை இயக்கும் ஃபர்ம்வேர் என்னும் சிறு மென்பொருளைத் தம்மிடத்தில் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. கணினியைத் தொடங்கும்போதெல்லாம் இயங்குதளமே அதை அட்டைக்கு எடுத்துக் கொடுக்கவேண்டும். அதன் மூலநிரலையோ அட்டையைச் செய்த நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆகையால், கட்டற்ற மென்பொருளையே தருவோம் என்று உறுதிபூண்ட டெபியன் திட்டத்தார், தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதைச் சேர்க்காதிருந்தார்கள். விளைவு என்ன? ஃபர்ம்வேர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். வைஃபை இயங்க ஃபர்ம்வேர் வேண்டும்.

யோவான் சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதிகொண்டிருந்த மனிதனின் நிலையும் இதுவே. சுகம் குளத்தில் என்று நம்பினான். குளத்தில் இறங்கவோ சுகம் வேண்டியிருந்தது. தன்னைக் கொண்டுபோய்விட ஒருவருமில்லை என்பதே அவன் முறையீடு. கர்த்தர் அவனைக் குளத்துக்கு அனுப்பவில்லை. அவன் கிடந்த இடத்துக்கே வந்து அவனை எழுப்பினார்.

அந்த மடிக்கணினிக்கும் உதவி வெளியிலிருந்தே வரவேண்டும். ஒரு லேன் கேபிளோ, யூஎஸ்பி வழியாக இணைத்த கைபேசியோ சற்றுநேரம் இணையத்தைக் கடனாகத் தந்தால் போதும். ஃபர்ம்வேர் வந்து சேரும். அட்டை இயங்கத் தொடங்கும்.

டெபியன் திட்டத்தாரும் இதை உணர்ந்தார்கள். 2022ஆம் ஆண்டு வாக்கெடுத்து, இத்தகைய ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்க்கத் தீர்மானித்தார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 அவ்வாறே வந்தது. அதனால் அவர்கள் கொள்கையைக் கைவிடவில்லை. அந்த ஃபர்ம்வேருக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். வேண்டாதவர் அதை மறுக்கவும் வழிவைத்தார்கள். உதவியைத் தேவையுள்ளவனின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்ததே அவர்கள் செய்த மாற்றம்.

இனி நம் சபைகளைப் பார்ப்போம். ஆலயத்துக்கு வந்தால் விசாரிப்போம் என்கிறோம். வெட்கத்தினாலோ கடனினாலோ வராமல் நின்றுபோனவனுக்கு அந்த விசாரிப்பே அல்லவா முதலில் தேவை? சந்தா பாக்கி தீர்ந்தால் ஞானஸ்நானம் என்கிறோம். வேலையிழந்த தகப்பனின் பாக்கிக்காகக் கைக்குழந்தையைக் காத்திருக்கச் செய்வது எந்த நியாயம்? இப்படி வைக்கும் நிபந்தனைகளால் கிருபையைக் குளத்தின் மறுகரையில் வைத்துவிடுகிறோம். பின்பு, அவர்களுக்கு விசுவாசமில்லை, பக்தியில்லை என்று தீர்ப்பும் சொல்லுகிறோம்.

அப்படியானால் ஒழுங்கு என்னாகும் என்று சபைக் கமிட்டியார் கேட்பது நியாயமே. சந்தா வேண்டாம் என்றோ, ஆராதனைக்கு வரவேண்டியதில்லை என்றோ நான் சொல்லவில்லை. அவை உறவின் கனிகள். உறவுக்குள் நுழைய வாங்கும் கட்டணமல்ல என்கிறேன். கணக்கு கணக்காகவே இருக்கட்டும். அதைக் காட்டி ஒருவருக்கும் வாசலை அடைக்கவேண்டாம்.

ஆறு மாதமாக ஆலயத்தில் காணாத ஒரு குடும்பத்தை இந்த வாரம் நினைத்துப்பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக அல்ல, என்ன தேவை என்று கேட்பதற்காக அந்த வீட்டுக்குப் போங்கள். நாம் தேடிப்போகுமுன்னே நம்மைத் தேடிவந்தவரின் பிள்ளைகள் அல்லவா நாம்?

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.