கடன் தீர்ந்த காரும் திறந்த வானமும்

சித்தூர், திருப்பதி ஆகிய இரு நகரங்களின் பழைய குடியிருப்புகளில், வீடு கட்டும்போதே கார் நிறுத்த இடம் விட்டவர்கள் சிலரே. மாடிப்படிக்குக் கீழே இரு சக்கர வாகனத்திற்கு இடம் ஒதுக்கியதோடு பெரும்பாலோர் நிறைவடைந்தனர். பின்னர் குடும்ப வருவாய் உயர்ந்தது. வங்கிக் கடனில் கார் வந்தது. வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியிலோ தெருவோரத்திலோ நின்றது. ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணைகள் முடிந்த பின்னும் அது அங்கேயேதான் நிற்கிறது.

தவணை உள்ளவரை காரைக் கண்ணும் கருத்துமாகப் பேணும் நாம், கடன் தீர்ந்ததும் அதன் மீதுள்ள அக்கறையையும் தீர்த்துவிடுகிறோம். "பழைய வண்டிதானே" என்ற ஒரு சொல்லில் பராமரிப்பு நின்றுபோகிறது, காப்பீடு சுருங்கிப்போகிறது. கார் முழுமையாக நமக்கே உரிமையாகும் அந்நாளில்தான் அக்கறை கூட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கொட்டகை கட்டும் வசதி தேவையில்லை. சிறிது கவனமும் சிறிது செலவும் போதும்.

நம் பகுதியின் வானிலை காருக்கு இருமுனைச் சோதனையாகும். கோடையில் திருப்பதி, ரேணிகுண்டா பகுதிகளில் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடப்பது வழக்கமான செய்தி. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் புயல்களின் மழையும் சேர்ந்துகொள்கிறது. வெயில் காய வைத்து வெடிக்கச் செய்ததை மழை வந்து ஊடுருவுகிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், எதனை எப்போது செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் வெயில். கதவுகளையும் கண்ணாடிகளையும் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், வைப்பர் ரப்பர், டயரின் பக்கச் சுவர் ஆகியவை வெயிலில் இறுகி வெடிக்கின்றன. முகப்பு விளக்கின் மேலுறை மஞ்சள் பூக்கிறது. வண்ணப் பூச்சின் மேல் உள்ள ஒளிபுகும் பூச்சு மெல்ல மெல்ல உதிர்கிறது. பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் கடும் வெப்பத்திற்குப் பெரும் பங்கு உண்டு. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் பேட்டரித் தொழிற்சாலையே இயங்குகிறது என்பதற்காக நம் ஊர் வெயில் பேட்டரிக்குச் சலுகை காட்டுவதில்லை. பிற்பகல் வெயில் முன்கண்ணாடியில் நேராக விழாதவாறு வண்டியைத் திருப்பி நிறுத்துவதும், உட்புறம் வெயில் மறைப்பு அட்டை வைப்பதும் செலவற்ற காப்புகள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை மெழுகுப் பூச்சு இடுவது வண்ணத்தைக் காக்கும். வீட்டு எல்லைக்குள் இடமுள்ளவர்கள், நாற்றுப் பண்ணைகளில் கட்டும் பச்சை நிழல் வலையை நான்கு குழாய்களின் மேல் இழுத்துக் கட்டலாம். அது மழையைத் தடுக்காது. ஆயினும் வெயிலின் கடுமையைக் குறைக்கும், காற்றோட்டமும் இருக்கும்.

மர நிழல் நல்லதா என்ற வினா அடிக்கடி எழுகிறது. கோடையில் நல்லதே. ஆனால் பறவை எச்சத்தையும் மரப் பிசினையும் அன்றன்றே ஈரத் துணியால் ஊற வைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். காய்ந்த நிலையில் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். மழைக்காலம் தொடங்கும் முன் மரத்தடியை விட்டு வண்டியை நகர்த்திவிடுவதே அறிவுடைமை. கிளை முறிந்து விழும் அபாயம் ஒருபுறம். உதிரும் இலைகள் செய்யும் தீங்கு மறுபுறம்.

அடுத்து, பலரும் நம்பியிருக்கும் மூடுதுணி. மண்டியில் மாங்காய் லாரிக்குக் கட்டும் பிளாஸ்டிக் தார்ப்பாயைக் காருக்குப் போர்த்தும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. அது நன்மையை விடத் தீமையையே மிகுதியாகச் செய்கிறது. அடியில் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றித் தங்குகிறது. காற்றில் படபடக்கும்போது இடையில் சிக்கிய புழுதி உப்புத்தாள் போல் பூச்சைத் தேய்க்கிறது. மூச்சு விடும் துணியாலான உறையை வாங்குவதே முறை. அதனையும் அழுக்கான வண்டி மீதோ நனைந்த வண்டி மீதோ போர்த்தலாகாது. சில நாட்களுக்கு ஒரு முறை எடுத்து வண்டியைக் காற்றாட விட வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதவர், உறையே இல்லாமல் வண்டியை வாரந்தோறும் கழுவுவது மேலானது.

மூன்றாவது, மழைநீர். பழைய காரை அரிப்பது மேலே விழுந்து வழிந்தோடும் மழையன்று. உள்ளே புகுந்து தேங்கும் நீரே. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் இருக்கும் பள்ளத்திலும், கதவுகளின் அடி விளிம்பிலும் நீர் வடியத் துளைகள் உள்ளன. இலையும் மண்ணும் அவற்றை அடைத்துக்கொண்டால் நீர் உட்புறம் இறங்கி, கால்மிதியின் அடியில் தங்கி, தரைத் தகட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். வெளியில் பளபளக்கும் காரின் அடித்தகடு உளுத்திருப்பது இவ்வாறே. செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இத்துளைகளைத் துப்புரவு செய்து, வெடித்த பீடிங்கை மாற்றி, கால்மிதிகளை எடுத்து உலர்த்தினால், பின்னால் வரும் தகட்டு வேலைச் செலவு பெருமளவு குறையும். மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் அது பற்றிக்கொள்ளக் கூடும்; சமதளத்தில் கியரில் நிறுத்திச் சக்கரத்திற்குக் கல் வைப்பது நலம். வாரம் ஒரு முறையேனும் சிறிது தூரம் ஓட்டினால் பேட்டரியும் பிரேக்கும் சீராக இருக்கும்; எஞ்சின் அறையில் எலி குடிபுகுவதும் குறையும்.

இவையெல்லாம் அன்றாட மழைக்கு. பெருவெள்ளத்திற்கு இவை போதா. 2021 நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டம் கண்ட மழையை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுவர்ணமுகி கரை புரண்டது. கபில தீர்த்தத்தில் அருவி சீறிப் பாய்ந்தது. திருமலை மலைப்பாதைகள் மூடப்பட்டன. ராயலசெருவு ஏரி உடையுமோ என்ற அச்சத்தில் சுற்றுப்புற ஊர்கள் உறக்கமின்றி இருந்தன. திருப்பதியின் தாழ்வான தெருக்களில் நிறுத்தப்பட்டிருந்த வாகனங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கனமழை பெய்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன், சென்னை வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். அதனைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆயினும் 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைக் கண்டவர்கள் கற்ற பாடம் அது. நம் தெருவிற்கு அருகில் மேடான இடம் எது என்பதை மழை வருமுன் அறிந்து வைத்திருப்பது ஒவ்வொரு கார் உரிமையாளரின் கடமை. நீரில் மூழ்கிய காரை மட்டும் ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாகாது. உள்ளே புகுந்த நீரால் எஞ்சின் உடைந்தால், அது உரிமையாளரின் செயலால் நேர்ந்த தொடர் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. புகைப்படம் எடுத்து, நிறுவனத்திற்குத் தகவல் தந்து, இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்புவதே முறை.

இங்கேதான் காப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. கார்க் கடன் நிலுவையில் உள்ளவரை, வெள்ளம், புயல் முதலியவற்றால் காருக்கு நேரும் சேதத்தையும் உள்ளடக்கிய முழுமையான காப்பீட்டை வங்கி வலியுறுத்துகிறது. கடன் தீர்ந்த மறு ஆண்டே, சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்வோர் பலர். மூன்றாம் நபர் காப்பீடு பிறருக்கு நேரும் இழப்பிற்கானது. நம் கார் வெள்ளத்தில் போனால் அதனால் ஒரு ரூபாயும் வராது.

இதில் கவனிக்கத் தக்க ஒரு முரண் உண்டு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இழப்பீடு கோராதவருக்கு, சொந்தச் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் நோ கிளெய்ம் போனஸ் 50 விழுக்காடு வரை உயர்கிறது. அதாவது, காப்பீடு மிக மலிவாகக் கிடைக்கும் கட்டத்தில்தான் நாம் அதனைக் கைவிடுகிறோம். புதுப்பிக்காமல் 90 நாட்கள் கடந்தால் அந்தப் போனஸும் பறிபோகும்.

புதுப்பிக்கும்போது ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பையும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஐந்தாண்டு கடந்த காருக்கு இம்மதிப்பு இரு தரப்பும் ஒப்புக்கொள்வதால் அமைவது. பிரீமியம் குறையட்டும் என்று இதனைக் குறைத்துக்கொண்டால், இழப்பு நேரும்போது தொகையும் குறையும். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். வெள்ளத்தில் மூழ்கிய பழைய கார் இந்த எல்லையை எளிதில் எட்டிவிடும். கடனை முடித்தவர்கள் வங்கியிலிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் பெற்று, பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ளவும் மறத்தலாகாது. நீக்காவிடில் இழப்பீடு பெறும் வேளையில் வீண் அலைச்சல் நேரும்.

பழைய காருக்கு இவ்வளவு செலவு எதற்கு, விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 6 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு, 7 ஆண்டு காலம் என்று கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 9,650 ரூபாய். மொத்தத்தில் வட்டி மட்டும் 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். நல்ல மூடுதுணி, பீடிங், மெழுகுப் பூச்சு, காப்பீடு ஆகியவற்றின் ஓராண்டுச் செலவை இந்தத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் வழங்கும் வங்கியின் அலுவலரே இவ்வாறு கூறுவது விந்தையாகத் தோன்றலாம். தேவைக்கு வாங்கும் கடன் நல்ல கடன். பேணத் தவறியதால் வாங்க நேரும் கடன் அவ்வாறன்று. அந்தத் தவணைத் தொகை தொடர் வைப்புக் கணக்கில் சேர்ந்தால், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு அது உதவும்.

எல்லாப் பழைய கார்களுக்கும் இது பொருந்தும் என்று வாதிடவில்லை. மிகக் குறைந்த மதிப்பே எஞ்சியிருக்கும் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடே போதுமானதாக இருக்கலாம். அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: நாளைக் காலை அந்தக் கார் இல்லாமற்போனால், சேமிப்பைக் குலைக்காமல் மற்றொன்று வாங்க இயலுமா? இயலும் எனில் துணிந்து விடலாம். மருத்துவமனைக்கும் வேலூருக்கும் முதியோரை அழைத்துச் செல்ல அந்த ஒரு கார்தான் உண்டு என்றால், விடலாகாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூன்று செயல்களை முடித்துவிடுங்கள்: நீர் வடியும் துளைகளைத் துப்புரவு செய்யுங்கள்; தார்ப்பாயை அகற்றுங்கள்; காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் சொந்தச் சேதம் உள்ளதா, ஐ.டி.வி. எவ்வளவு, முடியும் நாள் எது என்று படித்துப் பாருங்கள். மூன்றிற்கும் சேர்த்து அரை நாள் போதும்.