நின்று நின்று ஓடும் பம்பு

மின்சாரம் வந்தவுடன் மோட்டார் கிளம்புகிறது, இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீர் நன்றாய்க் கொட்டுகிறது, பிறகு நின்றுவிடுகிறது, சற்று நேரத்தில் தானே மறுபடி கிளம்புகிறது. கடலூர், சிதம்பரம் தாலுகாக்களிலும், அவற்றையடுத்த பண்ருட்டி, விருத்தாசலம் பக்கங்களிலும் கோடைகாலத்தில் இக்காட்சி சகஜமாகிவிட்டது. இதைக் கண்ட குடியானவர் மெக்கானிக்கை அழைக்கிறார். அவரோ பெரும்பாலும் மோட்டாரை நிறுத்துகின்ற ரிலேயை விலக்கிவிட்டு, அல்லது அதன் அளவை ஏற்றி வைத்துவிட்டு, இடைவிடாமல் ஓடும்படி செய்துவிட்டுப் போகிறார். அன்றைய பாய்ச்சல் நடந்துவிடுகிறது. ஆனால் அதிக நாள் கழியுமுன் அதே மோட்டார் கிணற்றிலிருந்து தூக்கப்பெற்று, காயில் கட்டும் பட்டறைக்கு வண்டியேறுகிறது. இவ்வழக்கம் அறவே கைவிடத்தக்கது. ரிலே மோட்டாரை நிறுத்துவது, உடம்பில் காய்ச்சல் காண்பதைப் போன்றதொரு குறியேயாகும். நோய் வேறிடத்தில் இருக்கிறது.

நோயைக் கவனியாமல் பம்பை நின்று நின்று ஓடவிடுவதும் சரியன்று. மோட்டார் கிளம்பும் சமயத்தில், நிதானமாக ஓடும்போது இழுப்பதைப்போல் சுமார் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்சாரத்தை இழுக்கின்றது. அதனால் காயிலில் ஏறும் உஷ்ணம் ஆறுமுன் மறுபடியும் கிளம்பினால், உஷ்ணத்தின்மேல் உஷ்ணம் ஏறிக் காயிலின் காப்பு கருகுகிறது. நீர்மூழ்கி மோட்டார்களிலோ, அச்சின் பாரத்தைத் தாங்கும் பேரிங், வேகம் பிடித்த பிறகே மெல்லிய நீர்ப்படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், நிற்கும்போதும் அது சிறிது தேய்கிறது.

நோய் எங்கேயிருக்கிறதென்று அறியப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. பலகையிலுள்ள வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், ஒரு கைக்கடிகாரம், அரைமணி நேரப் பொறுமை இவை போதும். நிற்பதற்குச் சற்று முன் ஆம்பியர் இறங்கினால் கிணற்றில் தண்ணீர் இல்லை. வோல்ட் இறங்கி ஆம்பியர் ஏறினால் பிசகு மின்சாரத் தடத்தில் இருக்கிறது. வோல்ட் சரியாயிருந்தும் ஆம்பியர் ஏறினால், மணல் அடைத்தோ பேரிங் தேய்ந்தோ பம்பு இறுகியிருக்கலாம். மூன்று முனைகளிலும் ஆம்பியர் சமமாயிராவிட்டால், பியூஸ் முதலிய இணைப்புகளைப் பார்க்கவேண்டும். இவையெல்லாம் ஒழுங்காயிருந்தும் நின்றால் மாத்திரமே ரிலேயைச் சந்தேகிக்கலாம். முதலில் செய்யவேண்டிய சோதனையை ஒருவரும் செய்யாமல், கடைசியில் சந்தேகிக்கவேண்டிய ரிலேயிலேயே எல்லோரும் கைவைப்பது வியப்பாயிருக்கிறது.

மேட்டுப்பாங்கான பகுதிகளில் பெரும்பாலும் குறை கிணற்றிலேயே காணப்படும். கடலூரின் பெயரையே தாங்கிய மணற்பாறைப் படுகையில், நெய்வேலியைச் சூழ்ந்த பகுதிகளில், முற்காலத்தில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானே மேலெழும்பி வழிந்த இடங்கள் உண்டு. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்காக அதன் அடியிலுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க ஓயாமல் இறைப்பதும், பாசனப் பம்புகள் பெருகியதும் சேர்ந்து ஜலமட்டத்தைத் தாழ்த்திவிட்டன. கிணற்றின் ஊற்று குறைந்தும், பழைய ஊற்றுக்கென்று வாங்கிய பம்பே இன்னும் உள்ளே இருக்கின்றது.

கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆறு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்திற்குச் சுமார் 18 லிட்டர் தண்ணீரே நிற்கும். பம்புக்கு மேல் பத்து மீட்டர் தண்ணீர் நின்றாலும் இருப்பு 180 லிட்டர்தான். பம்பு மணிக்கு 12,000 லிட்டர் இறைக்க, ஊற்று 8,000 லிட்டரே கொடுக்குமானால், நிமிஷத்துக்கு 67 லிட்டர் குறைகின்றது. மூன்று நிமிஷத்துக்குள் இருப்புத் தீர்ந்துவிடும். ஜலமட்டத்தைக் கொண்டு மோட்டாரை நிறுத்திக் கிளப்பும் கருவி இருந்தால், ஒன்றரை நிமிஷத்தில் குழாய் நிரம்ப, மோட்டார் மறுபடி கிளம்பும். இக்கணக்குப்படி மணிக்குப் பதினாலு தடவைக்கு மேல் கிளம்பவேண்டியதாகிறது.

இதற்குப் பரிகாரம், வெளியேறும் குழாயிலுள்ள வால்வைச் சற்றுத் திருகி, ஊற்றின் அளவுக்கு இறைப்பைக் குறைப்பதே. தண்ணீர் குறைந்துவிடுமே என்று குடியானவர்கள் இதை ஒப்புவதில்லை. வால்வு முழுதும் திறந்திருந்தாலும், ஊற்றுக் கொடுக்கும் 8,000 லிட்டருக்கு மேல் மணிக்கு ஒரு சொட்டும் வரப்போவதில்லை. 1990-க்குப் பின் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசமாகிவிட்டபடியால், இவ்வீண்செலவு பட்டியலில் தெரிவதில்லை. பட்டறைக் கூலியில்தான் தெரிகிறது.

சிதம்பரம் பக்கத்து நிலைமை வேறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்ட பிறகு, வீராணம் ஏரியின் தண்ணீரும் எட்டாத வயல்களுக்குப் பில்டர் பாயிண்டுகளே கதி. பம்பு தரையிலிருந்து உறிஞ்சுவதால், ஜலமட்டம் இருபது இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். தண்ணீர் ஏறுவது விட்டுவிட்டு நிகழ்ந்தால், முதலில் உறிஞ்சு குழாயின் இணைப்புகளையும் புட்வால்வையும் பார்க்கவேண்டும். பள்ளம் தோண்டிப் பம்பை இறக்குவது உள்நாட்டில் சரி. பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய கடலோரக் கிராமங்களில் மேன்மேலும் ஆழத்திலிருந்து இழுத்தால் உப்புநீர் உள்ளேறும் அபாயம் உண்டு.

கிராம அதிகாரிகள் தலையிடவேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்த கணமே, ஒரே டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த பம்புகள் அனைத்தும் ஆட்டோ ஸ்டார்ட்டரால் ஒருங்கே கிளம்புகின்றன. எல்லாம் பன்மடங்கு மின்சாரத்தை இழுப்பதால் வோல்ட் சரிகிறது. 415 வோல்ட் 330 ஆக இறங்கினால், மோட்டாரின் முறுக்குவலி மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்துவிடும். வேகம் பிடிக்கமுடியாமல் மோட்டார்கள் நிற்கின்றன. வோல்ட் ஏறியதும் மறுபடி ஒருங்கே கிளம்புகின்றன. தனியொரு குடியானவர் எவ்வளவு நல்ல மோட்டார் வாங்கினாலும் இது தீராது. கிளம்பும் நேரத்தைத் தள்ளிவைக்கும் டைமரை ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் பொருத்தி, முதற் பம்புக்கு ஒரு நிமிஷம், அடுத்ததற்கு இரண்டு நிமிஷம் என்று முறை வகுத்துக்கொண்டால் போதும். வாய்க்காலில் முறைவைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊராருக்கு இது புதிதன்று. எவர் பம்பு முதலில் கிளம்புவது என்ற வழக்கு எழுமாதலால், மாதந்தோறும் முறையை மாற்றி எழுதி, டிரான்ஸ்பார்மர் அருகிலேயே பலகையில் தொங்கவிடுவது உசிதம்.