"எல்லாம் மனசுல இருக்கு" இனி செல்லாது: மெஷின் பாதுகாப்பு ஆணை கேட்பது என்ன?

தக்கலையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர், புதுசா ஒரு மெஷின் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் கேட்டால், "எல்லாம் மனசுல இருக்கு" என்பார். இனி அது போதாது என்கிறது, மத்திய கனரக தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் வெளியிட்ட ஆணை.

எந்தெந்த மெஷின்கள்?

பம்ப், கம்ப்ரஸர், கிரேன், லேத், நெசவு இயந்திரம், டிரான்ஸ்பார்மர் என பட்டியல் நீளம். தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பிஐஎஸ் சான்று வாங்க வேண்டும்.

ஃபைலில் என்ன இருக்கணும்?

வரைபடம், சர்க்யூட் டயகிராம், சோதனை அறிக்கை. எல்லாத்தையும் விட முக்கியம், அபாய மதிப்பீடு. இதற்கு அடிப்படை ஐஎஸ் 16819 தரநிலை. கை எங்கே சிக்கும்? கரண்ட் போய் வந்தா மெஷின் தானா ஓடுமா? இப்படி ஒவ்வொரு ஆபத்தையும் முதலில் டிசைனிலேயே நீக்கணும். முடியாவிட்டால் கார்டு போடணும். எச்சரிக்கை ஸ்டிக்கர் கடைசி வழிதான்.

காலக்கெடு எப்போது?

முதலில் 2025 ஆகஸ்ட் 28 என்றார்கள். பிறகு 2026 செப்டம்பர் 1-க்குத் தள்ளிவைத்தார்கள். ஐரோப்பாவின் புதிய இயந்திர விதி 2027 ஜனவரி 20-ல் அமலாகிறது. அங்கே ஃபைலை 10 வருஷம் பத்திரமா வைத்திருக்கணும்.

சின்ன பட்டறைக்கு இது செலவுதான். ஆனால் மெஷின் செய்து முடித்த பிறகு ஃபைல் எழுத உட்கார்ந்தால், டிசைனில் உள்ள ஆபத்தை எப்படி நீக்குவது? தேதி தள்ளிப்போகலாம், மெஷினில் சிக்கும் கைக்கு அவகாசம் கிடையாது.